வேட்டை முதல் நாளில் வெர்னா செய்த காரியம்

வெர்னா கோஸ்கிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை. கவுன்ட்டி ரோட்டில் பனி தள்ளும் லாரியை இருபது வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிறவள். பெரிய ஏரிப் பக்கமிருந்து காற்றும் பனியும் சேர்ந்து அடிக்கும்போது, கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆண்பிள்ளைகளே வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். வெர்னா போகமாட்டாள். ரோடு எங்கே இருக்கிறதென்று சீட்டில் உட்கார்ந்திருக்கிற தன் பின்புறத்துக்குத் தெரியும் என்பாள். குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டிருந்த கரடியைத் துடைப்பத்தால் சாத்தி விரட்டியவள். புருஷன் இன்னொருத்தியோடு போகப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, அவன் பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்து, பின் டயரில் காற்று கம்மியாக இருக்கிறது, பார்த்துப் போ என்று சொல்லி அனுப்பிவைத்தாளாம். குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்த லாரிக்கு ஹாரன் ஒரு வெட்டிச் செலவு.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததைப் பாருங்கள், ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி நாய்.

முதலில் அது அவளுடையதில்லை, அவள் தம்பி ரூடியுடையது. ரூடி வேட்டை நாய்களை வளர்த்துப் பழக்கி விற்கிறவன். அந்தக் குட்டிக்கு டெக்ஸ் என்று பேர் வைத்திருந்தான். நல்ல ஜாதி. பழுப்பு நிறம், நீளக் கால், மூக்கு அபாரம். ஆனால் காதுக்குப் பக்கத்தில் முதல் துப்பாக்கி வெடித்த அன்றைக்கே ரூடியின் டிரக்குக்கு அடியில் போய்ப் படுத்து மூத்திரம் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் வெடிக்கு அஞ்சுகிற நாயை நாய்க் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். வளர்த்தவனுக்குத் தலைகுனிவு. அதற்கென்று ஒரு வைத்தியமும் வைத்திருக்கிறார்கள். நாயைப் பட்டினி போட வேண்டும். பிறகு தட்டில் கறியை வைத்து, அது வாய் வைத்ததும் பக்கத்தில் நின்று ஒரு வெடி வெடிக்க வேண்டும். சாப்பாடும் சத்தமும் சேர்ந்தேதான் வரும் என்று நாய் பழகிக்கொள்ளுமாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. அப்பன் காலத்திலிருந்து எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், பாதி நாய்கள் இதிலேயே கெட்டுப்போகின்றன, கெட்டுப்போனால் அது நாயின் குற்றம் என்கிறார்கள். ரூடியும் செய்தான். அதற்குப் பிறகு டெக்ஸ் துப்பாக்கியோடு சேர்த்துத் தட்டுக்கும் பயந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்னா தக்காளி கொடுக்கத் தம்பி வீட்டுக்குப் போனாள். ரூடி நாயைக் கயிற்றில் கட்டிக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். இன்னொரு கையில் துப்பாக்கி. இதுவும் இங்கே வழக்கம்தான். தன் நாயைத் தானே முடிக்க வேண்டும், அடுத்தவன் கையில் விடக்கூடாது என்பார்கள். அதில் ஒரு பெருமை வேறு. வெர்னா கூடையைத் தரையில் வைத்தாள்.

"எங்கடா கூட்டிட்டுப் போற?"

"தெரியாத மாதிரி கேக்காத அக்கா. இதை யார் தலையில கட்டறது? சும்மா குடுத்தாக்கூட என் பேருதான் நாறும்."

"கயித்தைக் குடு."

"உனக்கெதுக்கு இது? நீயே மான் அடிக்கறவ."

"குடுறான்னா குடு."

ஏன் கேட்டாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. அந்த நாய் இழுத்த இழுப்புக்கெல்லாம் போனது, ஓட முயற்சிகூடச் செய்யவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ரூடி சிரித்துக்கொண்டே கயிற்றைக் கொடுத்தான். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவருவாய் பார் என்றான்.

முதல் வாரம் டெக்ஸ் குளியல் தொட்டிக்குள்ளேயே கிடந்தது. வெர்னா சமையலறைக் குழாயில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அது எதற்கெல்லாம் பயந்தது என்று கேட்டால், எதற்குப் பயப்படவில்லை என்று சொல்வதுதான் சுலபம். மைக்ரோவேவின் மணிச் சத்தத்துக்கு, தொப்பிக்கு, உதறுகிற போர்வைக்கு, செய்தித்தாள் மடிப்புக்கு, சிரிப்புக்கு எல்லாம் பயம். வெர்னா தும்மினால் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாது. தட்டில் வைத்தால் தொடாது, தரையில் துண்டை விரித்து அதில் போட்டால், யாருமில்லாதபோது, ரெண்டு வாய்.

சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்துக்கொண்டாள். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினாள், கரண்டியைத் துணி மேல் வைத்தாள், பேச்சை முணுமுணுப்பாக்கிக்கொண்டாள். ஆனால் நாய் காதால் மட்டும் கேட்கவில்லையே. ஒரு நாள் போனில் மேஸ்திரியோடு ஷிப்டு தகராறு. நாய்க்காக மெதுவான குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் டெக்ஸ் மூலையில் வாந்தியெடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. கோபத்தை மறைத்தால் போதாது, கோபமே இருக்கக்கூடாதாம் ஐயாவுக்கு. வெர்னாவுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது, ஏறிய எரிச்சலையும் இறக்கிவைத்தால்தான் அது மூலையை விட்டு வரும் என்று தெரிந்து இன்னும் எரிச்சல் வந்தது. கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோலுரிக்க ஆரம்பித்தாள். மூன்று நாலு கிழங்கு ஆவதற்குள் முதுகில் ஏதோ வெதுவெதுப்பாக அழுத்தியது. திரும்பவில்லை. அன்றைக்குத் தேவைக்கு மேலேயே உருளைக்கிழங்கு உரித்தாள், அன்றைக்கே அவள் மனசும் அந்த நாய்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு அது அவளுக்கு உயிர். இதை யாரிடமும் சொல்லவில்லை, மறைக்கவுமில்லை.

ஊர் சும்மா இருக்குமா? காபிக் கடையில் அவள் நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவார்கள். நாய்க்கு இரவு விளக்கு வாங்கியாச்சா, தாலாட்டு யார் பாடுவது, நாயைப் பார்த்து அணில் சிரிக்கிறதாமே. ரூடியின் மருமகன் டேரின், புதுசாகக் குடும்பத்துக்குள் வந்தவன், கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பான். பழைய வெர்னாவாக இருந்தால் மேசையைத் தட்டி நாலு வார்த்தை விட்டிருப்பாள். இந்த வெர்னா அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் அமைதியாகக் காபியைக் குடித்துவிட்டு, "ஆமா, ரொம்ப பயப்படுவான். உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கே அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள்.

இதெல்லாம் நவம்பர் வரைக்கும்தான். நவம்பர் பதினைந்து எங்களுக்கு மான் வேட்டை முதல் நாள். பள்ளிக்கூடம் மூடிவிடுவார்கள். கல்யாணம் வைக்கமாட்டார்கள், முடிந்தால் சாகக்கூட மாட்டார்கள். கோஸ்கி குடும்பத்துக்குக் காட்டுக்குள் ஒரு கேம்ப் உண்டு. வெர்னாவின் அப்பா கட்டிய மரவீடு, ஒரு இரும்பு அடுப்பு, சுவரோடு சுவராகப் பலகைக் கட்டில்கள். அந்தப் பலகை ஒவ்வொன்றும் ஒருத்தருக்குச் சொந்தம். வேட்டைக்கு முந்தின சாயங்காலம் கேம்பில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடாதவன் தன் பலகையை இழந்துவிடுவான், அடுத்துக் காத்திருக்கிறவனுக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் சரி, விதிவிலக்குக் கிடையாது.

பெண்களுக்கு அங்கே பலகை இருந்ததே இல்லை. அப்பா செத்ததும் அவர் பலகை எனக்கு என்று வெர்னா சொன்னாள். ஆளாளுக்கு இல்லை என்றார்கள். அவள் போய் அதில் படுத்துக்கொண்டு, தூக்கி வெளியில் போடத் தைரியமிருக்கிறவன் வரட்டும் என்றாள். ஒருவனும் வரவில்லை. அதிலிருந்து அடுப்புக்குப் பக்கத்துப் பலகை அவளுடையது. வருஷம் பூராவும் தனியாக இருக்கிறவளுக்கு அந்தச் சில நாட்கள்தான் திருவிழா. அந்தப் பலகையை அவள் எவ்வளவு நேசித்தாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது டெக்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டிலும் இருக்க முடியாது. விடிந்தால் நாலாபக்கமும் வெடிச் சத்தம்தான். தெற்கே நகரத்தில் நாய்களை அனுமதிக்கிற ஒரு ஹோட்டலில் அறை சொல்லிவைத்தாள். கேம்பை விட்டுவிடுவதென்று முடிவு. அப்போது ரூடி வந்தான். டேரின் அந்தப் பலகைக்குக் காத்திருக்கிறான், நீ விட்டால் அவனுக்குத்தான் என்றான். சொல்லும்போது அவனுக்கும் முகம் சரியில்லை, அக்காமேல் பாசமில்லாதவனில்லை. பிறகு அவனே ஒரு வழி சொன்னான். நாயைக் கூட்டி வா. நீராவிக் குளியல் கொட்டகையில் விட்டுவைக்கலாம், தடி மரச்சுவர், ஒன்றும் கேட்காது. சாயங்காலம் சாப்பிட்டுப் படு, விடிவதற்கு முன்னால் நாயை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடு, பலகையும் தங்கும். முந்தின சாயங்காலம் ராசிக்காக ஒவ்வொருவரும் வாசலில் ஒரு வெடி வெடிப்பார்களே, அது என்ன ஆகும் என்றாள் வெர்னா. இந்த வருஷம் அது கிடையாது, நான் பொறுப்பு என்றான். வெர்னா ரெண்டு நாள் யோசித்தாள். பலகையை விட மனசு வரவில்லை. சரி என்றாள்.

வேட்டைக்கு முந்தின நாள் மத்தியானமே கேம்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரூடி, டேரின், அப்பாவின் பழைய கூட்டாளி டோய்வோ மாமா, வெர்னா, நாலு பேர். டெக்ஸைக் கொட்டகையில் தன் பழைய கோட்டு ஒன்றின்மேல் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெர்னா உள்ளே வந்து குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மங்குகிற நேரம். வாசலில் ஒரு வெடி வெடித்தது.

ஓடினாள். கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. படியில் ஒரு தட்டு, அதில் மான் கறி. டேரின் கையில் துப்பாக்கி. ரூடியின் கையில் கயிறு, கயிற்றின் முனையில் காலிக் கழுத்துப் பட்டை. பனியில் கால்தடம் நேராகச் சதுப்புக் காட்டுக்குள் போயிருந்தது.

"ரெண்டு வாய் சாப்பிட்டுச்சு அக்கா," என்றான் ரூடி. "நெஜமா. இன்னொரு தடவை பண்ணிருந்தா சரியாயிருக்கும். உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்."

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அக்காவுக்கு நல்லது செய்வதாகவே நினைத்துத்தான் செய்தான். வெர்னா கத்துவாள் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கத்தவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஓடினது பழுப்பு நாய், மான் உயரம். விடிந்தால் வேட்டை. அரையிருட்டில் பழுப்பாக எது அசைந்தாலும் சுடுகிற கைகள் எங்கள் ஊரில் ஏராளம், வருஷத்துக்கு ஒரு கன்றுக்குட்டியாவது போகும். அந்தக் காட்டில் சுற்றுவட்டம் முழுக்கக் கோஸ்கி கேம்பின் இடம், மற்ற கேம்புகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி இருக்கின்றன. டெக்ஸ் தூரம் போகாது, பயந்தால் பக்கத்திலேயே எங்காவது சுருண்டுவிடும் என்று வெர்னாவுக்குத் தெரியும். ஆக, காலையில் அதைச் சுடப்போகிறவர்கள் யாராவது இருந்தால் அது இந்த மூன்று பேர்தான்.

உள்ளே போய் அவர்களிடம் கேட்டாள். நாய் கிடைக்கிற வரைக்கும் காலையில் யாரும் கிளம்பாதீர்கள் என்றாள். கேட்டாள் என்றா சொன்னேன், வெர்னா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெஞ்சினாள். டேரின் சிரித்துவிட்டான். இதுக்காக வருஷம் பூரா லீவு சேர்த்திருக்கிறேன் என்றான். ரூடி தலையைச் சொறிந்தான், ஒரு நாய்க்காக முதல் நாளையே விடுவதா என்றான், பழுப்பாக எதைப் பார்த்தாலும் ரெண்டு தடவை பார்த்துச் சுடுகிறோம் என்றான். டோய்வோ மாமாவுக்குக் காது கேட்காது. குழம்பு எப்போது என்று கேட்டார்.

கோஸ்கி கேம்பில் அப்பா வைத்த சட்டம் ஒன்று உண்டு. வீட்டுக்குள் வரும்போது துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டை உருவி, அடுப்புக்கு மேல் இருக்கிற காபி டப்பாவில் போட்டுவிட வேண்டும். போல்ட்டு என்பார்கள் அதை. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். குடித்திருந்தாலும், சண்டை போட்டாலும், இந்தச் சட்டத்தை மட்டும் யாரும் மீறினதில்லை. அன்றைக்கும் நாலு போல்ட்டும் டப்பாவில் இருந்தன. டேரினுடையது இன்னும் லேசாகச் சூடாக இருந்திருக்கும்.

வெர்னா கையை நீட்டி டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோட்டை மாட்டினாள். சட்டியிலிருந்து நாலு துண்டுக் கறியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டாள்.

"அக்கா, என்ன பண்ற?"

"வெளியில போறேன்."

"டப்பாவை வெச்சிட்டுப் போ."

"மாட்டேன்."

டேரின் போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றான். வெர்னா அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். "மாப்பிள்ளை," என்றாள், ரொம்ப மெதுவாக, ரொம்ப மரியாதையாக, "நகருங்க." அவன் நகர்ந்தான். பின்னாலிருந்து ரூடி கூப்பிட்டான், சாப்பாட்டுக்கு நீ இல்லையென்றால் பலகை போய்விடும், தெரியுமில்லையா என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேறு துப்பாக்கி கொண்டுவர அவர்கள் டவுனுக்குப் போயிருக்கலாம். போனால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். என் அக்கா எங்கள் போல்ட்டையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று எந்த ஆம்பளை வாயால் சொல்வான்? மூன்று பேரும் உட்கார்ந்து குழம்பைச் சாப்பிட்டார்கள்.

வெர்னா கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு சதுப்பின் ஓரம் வரைக்கும் போனாள். அதற்கு மேல் போகவில்லை, கூப்பிடவுமில்லை. பயந்த நாயைக் கூப்பிட்டால் இன்னும் ஓடும், துரத்தினால் சொல்லவே வேண்டாம். கறியைப் பின்னால் பனியில் போட்டுவிட்டு, காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். மடியில் டப்பா.

அப்போதுதான் அது வந்தது. கால் நடுங்க ஆரம்பித்தது. குளிர் என்று நினைத்தாள், குளிரில்லை, குளிர் அவளுக்குப் பழக்கம். வாய் உலர்ந்தது. கிளை ஒன்று முறிந்தால் உடம்பு தூக்கிப்போட்டது. விடியப்போகிறதே என்று பயம், மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன் தவறி இந்தப் பக்கம் வந்துவிட்டால் என்று பயம், அது எங்கேயோ கால் மாட்டிக்கொண்டு கிடக்கிறதோ என்று பயம். இதை எப்படி இறக்கிவைப்பது? கோபத்தை இறக்கப் பழகியிருந்தாள். பயத்தை இறக்க யாரும் பழக்கவில்லை. உள்ளே இப்படி உதறிக்கொண்டிருக்கிற மனுஷியிடம் அந்த நாய் எப்படி வரும்? மூச்சை இழுத்துப் பார்த்தாள், பல்லைக் கடித்துப் பார்த்தாள், தைரியமாக இருப்பதுபோல நடித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் நடிப்பை விட்டுவிட்டாள். எனக்கும் பயமாத்தான் இருக்குடா டெக்ஸ் என்று இருட்டுக்குச் சொன்னாள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு அப்படியே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிழக்கே சாம்பல் நிறம் வந்தபோது பனி நொறுங்குகிற சத்தம். கனமான சத்தம், மனுஷக் கால். ரூடி, மான் என்று யாரும் சுட்டுவிடாமலிருக்க வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு சட்டை, ஆரஞ்சு தொப்பி. டப்பாவைக் கேட்டு வந்திருந்தான். கேட்க வாய் திறப்பதற்குள் வெர்னா கையைத் தூக்கினாள்.

"தொப்பியைக் கழட்டு. அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. பேசாத."

டப்பா வேண்டுமே, உட்கார்ந்தான். அக்காவும் தம்பியும் காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து மரத்தடியில். பெரிய கொம்புள்ள மான் ஒன்று அவர்களுக்கு எதிரிலேயே வந்து நின்றது, அந்த வருஷத்தில் யாரும் பார்த்திராத கொம்பு. ரூடி பல்லைக் கடிக்கிறது கேட்டது. மான் அவர்களைப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்து போயிற்று. அது போன கொஞ்ச நேரத்தில், மேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ, சீசனின் முதல் வெடி கேட்டது.

வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது, இனி வராது என்று நினைத்தாள்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின்னால் பனியில் எதையோ இழுப்பதுபோல ஒரு சத்தம். நிற்கும், மறுபடி வரும். வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தது டெக்ஸ். கறியைத் தொடவில்லை. நேராக அவளுடைய கைக்கு அடியில் தலையை நுழைத்து, கோட்டுக்குள் போகப் பார்த்தது. அது நடுங்குகிற நடுக்கமா, அவளுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெர்னா திரும்பாமலே இடுப்பு பெல்ட்டை உருவி அதன் கழுத்தில் மெதுவாகச் சுற்றினாள். அதற்கே ரொம்ப நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் டப்பாவைத் தம்பி பக்கம் தள்ளினாள். ரூடி அதை எடுத்தான், திறக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டே, ராத்திரி உன் பலகையில் டேரின் படுத்துக்கொண்டான், சட்டம் சட்டம்தானே என்றான். தெரியும் என்றாள். பலகை போனது போனதுதான், அதற்காக அவள் அன்றைக்கும் வருத்தப்பட்டாள், இன்றைக்கும் வருத்தப்படுகிறாள்.

ரூடி அப்போதுதான் அவள் கையைப் பார்த்தான். கரடியைத் துடைப்பத்தால் அடித்த கை.

"அக்கா, நீ நடுங்கற," என்றான்.

"ஆமாடா. ராத்திரி பூரா நடுங்கினேன். செத்துருவேன்னு நெனச்சேன், அவ்வளவு பயம். போய் ஊர் பூரா சொல்லு."

வெர்னா எழுந்தாள். வேட்டை முதல் நாள் விடியலில் எங்கள் காட்டில் யாரும் நிமிர்ந்து நடக்கமாட்டார்கள், மான் கலைந்துவிடும். வெர்னா நிமிர்ந்து, பாதையின் நடுவிலேயே நடந்தாள். டெக்ஸ் அவள் காலோடு காலாக ஒட்டிக்கொண்டு வந்தது. மேட்டுப் பக்கம் இன்னொரு வெடி வெடித்தது. நாயும் அவளும் ஒன்றாகத் திடுக்கிட்டுத் துள்ளினார்கள். கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு மறுபடி நடந்தார்கள்.